முதலில் ஓட்டை, பிறகு பஞ்சு

போன பிப்ரவரியில் ஒரு காலை, வாசல் பனியை வாரிக் கொட்டிவிட்டு நிமிர்ந்தபோதுதான் எங்கள் தெருவின் கூரைகளை வரிசையாகப் பார்த்தேன். எதிர்வீட்டுக் கூரையில் பனி ஒரு சாண் உயரத்துக்கு மெத்தை விரித்ததுபோல் கிடந்தது. எங்கள் கூரையின் மேல்பாதி மட்டும் கறுப்பாக, ஈரமாகத் தெரிந்தது. இறவாரத்தில் பனி கெட்டிப்பட்டு, அதிலிருந்து ஆலமர விழுதுகள்போல முழ நீளப் பனிக்கட்டிகள் தொங்கின. பிள்ளைகளுக்கு அது வேடிக்கை. எனக்கும் முதல் இரண்டு குளிர்காலங்களில் வேடிக்கையாகத்தான் இருந்தது. பின்பக்கப் படுக்கையறைச் சீலிங்கின் மூலையில் காப்பிக் கறைபோல ஒரு வட்டம் தோன்றிய பிறகு அப்படி இருக்கவில்லை.

எங்கள் வீடு டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் 1962இல் கட்டப்பட்ட பங்களா. ஊருக்குப் பேசும்போது இந்தச் சொல்லைத் தவிர்த்துவிடுவேன். ஜமீன் மாளிகை வாங்கிவிட்டேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே பங்களா என்றால் ஒரு பேஸ்மென்ட், அதன்மேல் ஒரே ஒரு தளம், அதற்குமேல் மனிதர் நிமிர்ந்து நிற்க முடியாத ஓர் அட்டிக். இந்தப் பக்கத்தில் நம்மவர்கள் வாங்கியிருக்கும் பழைய வீடுகளில் பெரும்பகுதி இந்த வகைதான். எனவே நான் யோசித்த கணக்கு மற்றவர்களுக்கும் உதவக்கூடும்.

கேள்வி எளிமையானது. அட்டிக்கைச் சரிசெய்ய வேண்டும். ஆனால் எப்படி? மேலே சூட்டைத் தடுக்கும் பஞ்சை மட்டும் கூட்டுவதா, ஓட்டைகளை அடைத்துவிட்டுக் கூட்டுவதா, தெளித்ததும் கெட்டிப்படும் நுரை அடிப்பதா, அல்லது அந்தப் பணத்தை ஜன்னலிலோ வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸிலோ போடுவதா? மூன்று ஒப்பந்தக்காரர்களிடம் விலை கேட்டேன். மூவரும் மூன்று வேறு நோய்களுக்கு மருந்து எழுதிக் கொடுத்தார்கள்.

கூரையில் நடப்பது என்ன?

இறவாரப் பனிக்கட்டிக்குக் காரணம் வெளிக்குளிர் அல்ல, வீட்டுக்குள்ளிருந்து கசியும் சூடு. அட்டிக் சூடானால் கூரைமேல் இருக்கும் பனியின் அடிப்பகுதி உருகுகிறது. அந்த நீர் சரிவில் இறங்கி, கீழே சூடு இல்லாத இறவாரத்துக்கு வந்ததும் மறுபடி உறைகிறது. நாளுக்கு நாள் அது ஓர் அணைபோல உயர்கிறது. பின்னால் வரும் நீருக்குப் போக வழியில்லாமல், கூரை ஓடுகளின் அடியில் நுழைந்து சீலிங்கில் இறங்குகிறது. என் காப்பிக் கறை அப்படி வந்ததுதான்.

சூடு மேலே போவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சீலிங் பலகையின் ஊடாக மெதுவாகக் கடத்தப்படுவது. அதைத் தடுப்பதுதான் இன்சுலேஷனின் வேலை. இன்னொன்று, ஓட்டைகள் வழியாகக் காற்றே எழுந்து போவது. குளிர்காலத்தில் வீடு முழுவதும் ஒரு புகைபோக்கியாகிவிடும். சூடான காற்று மேலே வெளியேறும், அதே அளவு குளிர்காற்று கீழே பேஸ்மென்ட்டின் விளிம்புகள் வழியாக உள்ளே வரும். அட்டிக்கில் உள்ள ஓட்டைக்கு, பேஸ்மென்ட்டில் உட்கார்ந்து படிக்கும் பிள்ளையின் பாதம் தண்டனை அனுபவிப்பது இதனால்தான்.

அந்தக் காற்று தனியாகப் போவதில்லை. ஈரத்தையும் தூக்கிக்கொண்டு போகிறது. கட்டிட அறிவியலில் அடிக்கடி காட்டப்படும் கணக்கு ஒன்று உண்டு. 4 அடிக்கு 8 அடி ஜிப்சம் பலகை ஒன்றின் ஊடாக ஒரு குளிர்காலம் முழுவதும் ஊடுருவிப் போகும் ஈரம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு லிட்டர். அதே பலகையில் ஒரு சதுர அங்குல ஓட்டை இருந்தால் அதன் வழியாகப் போவது சுமார் 30 லிட்டர். வீட்டுக்குள் 21 டிகிரி வெப்பமும் 40 சதவீத ஈரப்பதமும் இருந்தால், அந்தக் காற்று 7 டிகிரி அளவுக்குக் குளிர்ந்தாலே நீராகத் தொடங்கும். அட்டிக்கில் மைனஸ் 15 என்றால் கூரைப் பலகையில் வெண்மையாக உறைபனி படியாமல் என்ன செய்யும்? நம் வீடுகளில் இது இன்னும் அதிகம். காலையில் இட்லிக் கொப்பரை, மதியம் குக்கர், மாலையில் சோறு வடிப்பது, இரவில் பேஸ்மென்ட்டில் கொடி கட்டி உலர்த்தும் துணி. இந்த ஊரின் வீடுகளைக் கட்டியவர்கள் இவ்வளவு ஆவியை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

ஏணியில் ஏறிப் பார்த்தது

விலை கேட்பதற்கு முன் நானே மேலே எட்டிப் பார்த்தேன். அலமாரி அறையின் சீலிங்கில் 2 அடிக்கு 2 அடி ப்ளைவுட் மூடி ஒன்று சும்மா வைக்கப்பட்டிருந்தது. அதைத் தூக்கித் தலையை நீட்டியதும் முதலில் முகத்தில் அடித்தது சாம்பார் வாசனை. முந்தைய இரவு வைத்த முருங்கைக்காய்ச் சாம்பார், மைனஸ் 12 டிகிரி அட்டிக்கில் மணந்துகொண்டிருந்தது. அதைவிடத் தெளிவான ஆய்வறிக்கை எனக்கு வேண்டியிருக்கவில்லை.

விட்டங்களுக்கு நடுவே நாலு அங்குலத்துக்கு இளஞ்சிவப்புக் கண்ணாடிப் பஞ்சு. ஆர் மதிப்பில் சொன்னால் 12 இருக்கலாம். ஆர் மதிப்பு என்பது வெப்பம் கடந்து போவதற்குப் பொருள் காட்டும் எதிர்ப்பு. எண் கூடினால் நல்லது. பஞ்சில் ஆங்காங்கே கறுப்புத் திட்டுகள் இருந்தன. எலியின் வேலை என்று முதலில் நினைத்தேன். இல்லை, அது 60 வருடத் தூசி. காற்று கசியும் இடத்திலெல்லாம் பஞ்சு வடிகட்டியாக வேலைபார்த்துக் கறுத்திருந்தது. கறுப்பைத் தூக்கிப் பார்த்தால் அடியில் ஓட்டை. கழிவுநீர்க் குழாய் மேலே போகும் இடத்தில் என் கை நுழையும் அளவுக்கு வட்டம் வெட்டியிருந்தார்கள். சுவர்களின் தலைப்பலகையில் மின்கம்பிக்குப் போட்ட துளைகள். சமையலறை அலமாரிகளுக்கு மேலே பெட்டிபோல இறங்கியிருக்கும் சீலிங்குக்கு மேல் மூடியே இல்லை. அதன் வழியாகச் சுவருக்குள்ளிருந்து நேரே வெப்பக் காற்று. குளியலறை ஃபேனின் குழாய் கூரைக்கு வெளியே போகாமல் பஞ்சின்மேல் படுத்துக்கிடந்தது. குளிக்கும் ஆவி முழுவதும் 60 ஆண்டுகளாக அங்கேதான் போயிருக்கிறது போலும்.

உள்ளிருந்தும் கண்டுபிடிக்கலாம். காற்று வீசும் குளிர்நாளில், ஜன்னல்களை மூடிவிட்டு, வீட்டில் உள்ள எக்ஸாஸ்ட் ஃபேன்களை எல்லாம் ஓடவிட்டு, ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக்கொண்டு சுற்றி வாருங்கள். ஃபேன்கள் வீட்டுக் காற்றை வெளியே இழுப்பதால், ஓட்டை இருக்கும் இடத்தில் வெளிக்காற்று உள்ளே பீறிட்டு, நேராக எழும் புகையைத் தள்ளிவிடும். ஃபேன்களை நிறுத்திவிட்டுப் பார்த்தால் அதே புகை சீலிங் விளக்கின் விளிம்புக்குள் உறிஞ்சப்படும். வரவேற்பறையில் நாங்கள் ஆசையாகப் போட்ட எட்டுக் குழிவிளக்குகளில் ஐந்து அப்படிப் புகையைக் குடித்தன.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அட்டிக்கில் பஞ்சுக்குப் பதிலாக, சாம்பலோ பொன்னிறமோ கலந்து மினுங்கும் சிறு கூழாங்கல் போன்ற பொருள் கிடந்தால் எதையும் தொடாமல் மூடியை மூடிவிடுங்கள். அது வெர்மிகுலைட் என்ற கனிமமாக இருக்கலாம். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் லிப்பி என்ற ஊரின் சுரங்கத்திலிருந்து வந்த வெர்மிகுலைட்டில், நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. அந்தச் சுரங்கம் 1990இல்தான் மூடப்பட்டது. அதைக் கிளறாமல், சோதித்து அகற்றும் தகுதி பெற்றவர்களை முதலில் கூப்பிட வேண்டும். கீழ்க்காணும் ஒப்பீடு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

மலிவான வழி: பஞ்சை மட்டும் கூட்டுவது

முதலில் வந்தவர் அட்டிக்குக்குள் ஏறவே இல்லை. மூடி வழியாக டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, அரை நாள் வேலை, மெஷினால் பஞ்சை ஆர்-60 வரை ஊதிக் கொடுக்கிறோம் என்றார். மூன்றிலும் குறைந்த விலை அவருடையதுதான்.

அந்த எண் வெற்றுப் பேச்சு அல்ல. டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் இன்று கட்டப்படும் புதிய வீடுகளின் அட்டிக்குக்குக் கட்டிட விதி பெரும்பாலும் கேட்பது அந்த அளவைத்தான். எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு 1977இல் சஸ்காட்செவன் மாகாணத்தின் ரெஜைனா நகரில் கட்டப்பட்ட எரிபொருள் சேமிப்பு மாதிரி வீட்டின் கூரையும் ஆர்-60தான். ஆனால் அந்த வீட்டின் பெருமை பஞ்சில் மட்டும் இல்லை. காற்றுக் கசிவே இல்லாதபடி அதைக் கட்டியதுதான் அன்று புதுமை. எரிபொருளை மிச்சப்படுத்தும் வீடுகளுக்கான கனடாவின் ஆர்-2000 தரமும் (இது ஆர் மதிப்பு அல்ல, ஒரு தரத்தின் பெயர்), மிகக் குறைந்த சூட்டிலேயே வீட்டைக் கதகதப்பாக வைக்கும், பின்னால் ஜெர்மனியில் வளர்ந்த பாசிவ் ஹவுஸ் முறையும் அங்கிருந்து பாடம் எடுத்துக்கொண்டன. நம் ஒப்பந்தக்காரர்கள் ஆர்-60ஐ மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மற்றதை மறந்துவிட்டார்கள்.

எண்களாகப் பார்ப்போம். என் சீலிங் ஏறத்தாழ 1,000 சதுர அடி. டொராண்டோ குளிருக்கு, 95 சதவீதத் திறனுள்ள ஃபர்னஸுடன் நான் போட்ட உத்தேசக் கணக்கில், ஆர்-12 சீலிங் வழியாக ஆண்டுக்குச் சுமார் 365 கன மீட்டர் எரிவாயு போகிறது. அதை ஆர்-40 ஆக்கினால் 110 ஆகிறது. 255 கன மீட்டர் மிச்சம். அதற்குமேல் ஆர்-60 வரை போனால் கூடுதலாக மிச்சமாவது 36 கன மீட்டர்தான். முதல் சில அங்குலப் பஞ்சு பொன். கடைசி சில அங்குலம் வெறும் பஞ்சு. மெஷின் எப்படியும் வாசலில் நிற்கிறது, மேலும் சில மூட்டை ஊதுவதற்கு அதிகச் செலவில்லை என்பதால் 60 வரை போகலாம். ஆனால் 60ஆ, 50ஆ என்று இரவெல்லாம் விழித்து யோசிக்க வேண்டிய கேள்வி அல்ல அது.

இப்போது ஓட்டைக்கு வருவோம். எங்கள் வீட்டின் கசிவை அளக்க ஒருவரை வரவழைத்தேன். வாசல் கதவில் துணித் திரையும் பெரிய ஃபேனும் மாட்டி, உள்ளுக்கும் வெளிக்கும் 50 பாஸ்கல் காற்றழுத்த வித்தியாசம் வரும்வரை வீட்டுக் காற்றை உறிஞ்சினார். மணிக்கு 8.2 தடவை வீட்டுக் காற்று முழுவதும் மாறியது. ஆர்-2000 வீட்டுக்கு அனுமதி 1.5. பழைய வீடுகளுக்கு 8 ஒன்றும் அதிசயமில்லை என்று அவர் ஆறுதல் சொன்னார். அந்த எண்ணை 20ஆல் வகுத்தால் சாதாரண நாளின் கசிவு தோராயமாகக் கிடைக்கும் என்பது துறையில் பழகிய வழி. அதன்படி என் ஃபர்னஸ் ஓட்டைகளுக்காக மட்டும் ஆண்டுக்கு 500 கன மீட்டருக்கு மேல் எரிக்கிறது. சீலிங் முழுவதும் இழப்பதைவிட அதிகம்!

முதலாமவரின் மருந்து இந்த 500ஐக் கிட்டத்தட்டத் தொடவே தொடாது. ஊதிய பஞ்சு காற்றை நிறுத்தாது, கொஞ்சம் தயங்க வைக்கும், அவ்வளவுதான். அதைவிட மோசமான பக்கம் ஒன்று உண்டு. பஞ்சு கூடியதும் அட்டிக் முன்னைவிடக் குளிர்ந்துபோகும். ஆனால் ஈரக் காற்று முன்போலவே ஏறிக்கொண்டிருக்கும். பக்கத்துத் தெருவில் இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர், நான் அண்ணை என்று கூப்பிடுபவர், அப்படித்தான் செய்தார். ஜனவரியில் அவர் கூரைப் பலகையில் துருத்தியிருந்த ஒவ்வொரு ஆணி முனையிலும் ஒரு வெள்ளைப் பந்து. மார்ச்சில் முதல் வெயில் அடித்ததும் அத்தனையும் உருகிப் புதுப் பஞ்சில் சொட்டின. கூரை ஒழுகுகிறது என்று அவர் கூரைக்காரரைக் கூப்பிட்டார். கூரையில் ஒரு குறையும் இல்லை.

நடுவழி: அடைத்துவிட்டு ஊதுவது

இரண்டாவதாக வந்தவர் முழங்கால் உறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு 40 நிமிடம் மேலேயே இருந்தார். இறங்கி வந்து போனில் படங்கள் காட்டினார். அவர் சொன்ன விலை முதலாமவருடையதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஒரு நாள் முழுவதும் அடைப்பது, மறுநாள் ஊதுவது.

நான் தேர்ந்தெடுத்தது இதைத்தான் என்பதை மறைப்பதில் பயனில்லை. அந்தக் கூடுதல் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதைச் சொல்கிறேன். பழைய பஞ்சைப் பகுதி பகுதியாக விலக்கி, கம்பித் துளைகளையும் குழாய் வட்டங்களையும் டப்பா நுரையால் அடைப்பார்கள். சமையலறைப் பெட்டிச் சீலிங்கின் மேல் கெட்டி நுரைப் பலகை வைத்து விளிம்பை ஒட்டுவார்கள். புகைபோக்கியைச் சுற்றி மட்டும் நுரை கூடாது. உலோகத் தகடும் தீ தாங்கும் சீலன்ட்டும்தான். அங்கே பஞ்சும் நெருங்கக் கூடாது. யாராவது புகைபோக்கியை ஒட்டி நுரை அடிக்கப் போனால் ஏணியைப் பிடுங்கிவிடுங்கள். என் குழிவிளக்குகளைக் கழற்றிவிட்டு, காற்றுப் புகாத, பஞ்சு மூடினாலும் சூடேறாத தட்டையான எல்.இ.டி. விளக்குகளை எலக்ட்ரீஷியன் போட்டார். குளியலறை ஃபேனுக்கு வெப்பக்காப்பிட்ட குழாய் போட்டுக் கூரைக்கு வெளியே விட்டார்கள்.

இதிலே யாரும் கவனிக்காத பொருள் அந்த ப்ளைவுட் மூடி. அது வெறும் 4 சதுர அடி. அதன் எதிர்ப்பு ஆர்-2 என்று வைத்தால், ஆர்-60 போட்ட 120 சதுர அடிச் சீலிங் இழக்கும் வெப்பத்தை அது தனியாக இழக்கும். ஒரு படுக்கையறைக்குச் சமம்! மூடியின் முதுகில் நுரைப் பலகைகளை அடுக்கி ஒட்டி, விளிம்பில் ரப்பர் பட்டை வைத்து, இறுக்கிப் பிடிக்க இரண்டு கொக்கிகள் போட்டேன். இது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம்.

அட்டிக்குக்கு மூச்சும் வேண்டும். கீழே வீட்டுக் காற்று ஏறக் கூடாது, ஆனால் இறவாரத்தின் அடியிலிருந்து வெளிக்காற்று நுழைந்து முகட்டில் வெளியேற வேண்டும். விதி கேட்கும் காற்றுத் திறப்பு பொதுவாக, சீலிங் பரப்பில் 300இல் ஒரு பங்கு. எங்கள் இறவாரத்தில் துளையிட்ட அலுமினியத் தகடு அழகாக இருந்தது. அதன் பின்னால் 1962ஆம் ஆண்டின் மரப்பலகை ஓட்டையே இல்லாமல் அப்படியே இருந்ததை இரண்டாமவர்தான் கண்டுபிடித்தார். அதில் துளை போட்டு, பஞ்சு சரிந்து வழியை அடைக்காதபடி கைமரங்களுக்கு நடுவே தடுப்பு அட்டைகள் வைத்த பிறகுதான் ஊதினார்கள்.

வேலைக்குப் பின் மறுபடி அளந்தபோது 8.2 என்பது 6.4 ஆகியிருந்தது. கணக்கில் இது ஆண்டுக்குச் சுமார் 110 கன மீட்டர். ஆர்-40இலிருந்து ஆர்-60க்கு ஏறும் மிச்சத்தைப் போல மூன்று மடங்கு. எல்லாம் சேர்த்து 400 கன மீட்டர். உங்கள் பில்லில் உள்ள விலையால் பெருக்கிப் பாருங்கள். கன மீட்டருக்கு 40 காசு என்று வைத்தால் 160 டாலர். பெரும் புதையல் அல்ல என்று தெரிந்தே சொல்கிறேன். போட்ட பணம் திரும்ப ஆண்டுகள் பிடிக்கும். பணம் திரும்பும் கணக்கை மட்டும் காட்டி விற்பவர் எரிவாயு விலையைக் கூட்டிக் காட்டுகிறாரா என்று பாருங்கள். எனக்குக் காசைவிடக் கூரைப் பலகை அழுகாமல் இருப்பது முக்கியமாகப் பட்டது.

எந்தப் பஞ்சு?

ஊதும் பொருளில் இரண்டு வகைகள்தான் உண்மையில் போட்டியில் உள்ளன. செல்லுலோஸ் என்பது பழைய செய்தித்தாளை அரைத்து, தீப்பிடிக்காமல் இருக்கப் போரேட் உப்புக் கலந்தது. அங்குலத்துக்கு ஆர் 3.2 முதல் 3.8. ஊதும் கண்ணாடிப் பஞ்சு அங்குலத்துக்கு 2.2 முதல் 2.7. அதாவது என் ஆர்-12 மேல் ஆர்-48 கூட்டுவதற்கு செல்லுலோஸ் 14 அங்குலம் போதும். கண்ணாடிப் பஞ்சு 19 அங்குலம் வேண்டும். தாழ்ந்த கூரையின் ஓரங்களில் அந்த 5 அங்குலம் பெரிய விஷயம்.

செல்லுலோஸ் அடர்த்தியானது என்பதால் காற்றைச் சற்று நன்றாகத் தடுக்கும், எடையும் அதிகம். சீலிங் அரை அங்குல ஜிப்சமாக இருந்து, அதைத் தாங்கும் சட்டங்கள் 24 அங்குல இடைவெளியில் இருந்தால், சதுர அடிக்கு 1.3 பவுண்டுக்கு மேல் ஏற்றுவது தொய்வைக் கொண்டுவரலாம். 14 அங்குலச் செல்லுலோஸ் அந்த எல்லையைத் தாண்டும். எங்கள் விட்டங்கள் 16 அங்குலத்தில் இருந்ததால் அந்தக் கவலை இல்லை. உங்கள் வீட்டில் 24 என்றால் கண்ணாடிப் பஞ்சே சரி. அது ஈரம் பட்டாலும் உலர்ந்துவிடும், கனமும் இல்லை. செல்லுலோஸ் காலப்போக்கில் அமுங்கும் என்பதால், ஊதிய உடனே இருக்கும் உயரத்தைப் பார்த்து ஏமாறாமல், மூட்டையில் அச்சிட்ட அட்டவணைப்படி எத்தனை மூட்டை போனது என்று எண்ணிக்கொள்ளுங்கள். நான் காலி மூட்டைகளை எண்ணினேன். வந்தவர்கள் என்னைக் கொஞ்சம் விநோதமாகப் பார்த்தார்கள்.

கடையில் பஞ்சுச் சுருள் வாங்கி நாமே விரிப்பதும் ஒரு வழி. பழைய பஞ்சுக்குமேல் குறுக்காக விரித்தால் கெடுதல் இல்லை. ஆனால் 1962ஆம் ஆண்டு வீட்டில் நேரான மூலை ஒன்றுகூடக் கிடையாது. குழாய், கம்பி, குறுக்குச் சட்டம் என்று ஒவ்வொன்றையும் வெட்டிப் பொருத்த வேண்டும். விட்டுப்போகும் இடைவெளிகள் எல்லாம் சேர்ந்து எண்ணைத் தின்றுவிடும். அடைக்கும் வேலையை நாமே செய்துவிட்டு ஊதுவதற்கு மட்டும் ஆள் வைப்பது, கையில் பணம் குறைவாக இருப்பவர்களுக்கு நான் சொல்லும் வழி. முதுகும் முழங்காலும் ஒத்துழைக்க வேண்டும், அவ்வளவுதான். எதைச் செய்தாலும் புதுப் பஞ்சின்மேல் பாலிதீன் தாள் விரித்துவிடாதீர்கள். ஈரத்தடுப்பு சூடான பக்கத்தில், சீலிங்கை ஒட்டித்தான் இருக்க வேண்டும். மேலே போட்டால் ஈரத்தை உள்ளே பூட்டிவைத்ததாகிவிடும்.

விலையுயர்ந்த வழி: நுரை

மூன்றாமவர் கூரைப் பலகையின் அடிப்பக்கத்திலேயே நுரை அடித்து அட்டிக்கை வீட்டின் பகுதியாக்கிவிடலாம் என்றார். முதலாமவர் விலையைப் போல நான்கு மடங்குக்கும் மேல். நுண்குமிழ்கள் மூடியிருக்கும் வகை (closed-cell) நுரைக்கு அங்குலத்துக்கு ஆர்-6. காற்றையும் ஈரத்தையும் ஒரே அடியில் நிறுத்தும். அட்டிக்குக்குள் ஃபர்னஸோ ஏ.சி. குழாய்களோ ஓடினால், அல்லது சரிவுச் சீலிங்கில் நாலு அங்குலத்துக்கு மேல் இடமே இல்லையென்றால், அவர் சொன்னதுதான் சரி. எங்களைப்போல மேலே காலியாகக் கிடக்கும் அட்டிக்குக்கு அது, மழைக்குக் குடை கேட்டவனுக்குப் பந்தல் போடுவது. யாரும் போகாத இடத்தையும் சேர்த்துச் சூடாக்க வேண்டியிருக்கும். பின்னால் கூரையில் ஒரு ஒழுகல் வந்தால் எங்கே என்று கண்டுபிடிப்பதும் கடினம். அடித்த பிறகு 24 மணி நேரமாவது வீட்டை விட்டு வெளியே இருக்க வேண்டும். கலவை விகிதம் தவறினால் வாடை போகாமல் தொல்லை தரும்; அதனால் சான்றிதழ் பெற்ற ஆள் இல்லாமல் தொடக் கூடாது.

நுரையை நியாயப்படுத்தும் இன்னொரு சூழ்நிலை உண்டு. எலி புகுந்து பழைய பஞ்சு நாறிப்போய், எல்லாவற்றையும் உறிஞ்சி அகற்ற வேண்டிய நிலை வந்தால், வெறுமையான சீலிங்கின் முதுகில் இரண்டு அங்குல நுரை அடித்து அதன்மேல் பஞ்சு ஊதலாம். ஒவ்வோர் ஓட்டையாகத் தேடும் வேலை மிச்சம்.

ஜன்னலும் ஃபர்னஸும்

ஜன்னல் விற்பவர்கள்தான் அதிகம் போன் செய்கிறார்கள் என்பதால் ஒரு கணக்கு. 120 சதுர அடி ஜன்னலை ஆர்-2இலிருந்து ஆர்-4 ஆக மாற்றினால் மிச்சமாவது, அட்டிக்கை ஆர்-12இலிருந்து ஆர்-60 ஆக்கினால் மிச்சமாவதில் பாதிக்கும் குறைவு. செலவோ பல மடங்கு. ஜன்னல் சட்டம் உளுத்துப்போயிருந்தால் மாற்றுங்கள். எரிவாயு பில்லுக்காக மாற்றாதீர்கள். ஃபர்னஸ் மாற்றுவதென்றால் அட்டிக் வேலை முடிந்த பிறகு மாற்றுங்கள். சிறிய அளவே போதுமானதாக இருக்கும். இறவாரத்தில் மின்சூட்டுக் கம்பி வளைத்துக் கட்டுவதைப் பற்றி ஒரு வரிக்குமேல் எழுத மாட்டேன்: காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை ஐஸில் வைப்பது அது.

அடைப்பதற்கும் ஓர் ஆபத்து உண்டு என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை. பேஸ்மென்ட்டில் உள்ள வெந்நீர்த் தொட்டி பழைய வகையாக, புகை தானாக மேலே ஏறும் குழாயுடன் இருந்தால், வீடு இறுகிய பிறகு சமையலறை எக்ஸாஸ்ட் ஓடும்போது அந்தப் புகை திரும்பி உள்ளே வரலாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வேலைக்குப் பின் அதைச் சோதிக்கச் சொல்லுங்கள். எச்சரிக்கைக் கருவிகளின் பேட்டரியையும் பாருங்கள். ஈரம் தேங்கத் தொடங்கினால் வெப்பத்தை மீட்டுக்கொண்டு காற்றை மாற்றும் கருவி வேண்டிவரும். எங்களுக்கு இதுவரை, அடுப்புக்கு மேலுள்ள எக்ஸாஸ்டைச் சமைத்து முடிந்து கால் மணி நேரம் கழித்து நிறுத்துவதே போதுமானதாக இருக்கிறது. இதை வீட்டில் எல்லோருக்கும் பழக்குவது பஞ்சு ஊதுவதைவிடக் கடினமாக இருந்தது.

மானியம் பற்றி: 2021இல் தொடங்கிய மத்திய அரசின் 5,000 டாலர் வரையிலான மானியம் 2024 பிப்ரவரியிலேயே புதிய விண்ணப்பங்களை நிறுத்திவிட்டது. இன்னும் இருக்கிறது என்று போனில் சொல்பவரை நம்ப வேண்டாம். ஒன்டாரியோவின் தள்ளுபடித் திட்டங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. ஆனால் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே விதியைப் படித்துவிடுங்கள்; வேலைக்கு முந்தைய மதிப்பீடு கேட்கும் திட்டத்தில் அது இல்லாமல் பின்னால் வாதாடிப் பயனில்லை.

இந்தக் குளிர்காலத்தின் முதல் பெரும் பனி போன வாரம் கொட்டியது. மறுநாள் காலை எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தேன். எங்கள் கூரையிலும் மெத்தை விரித்திருந்தது. இறவாரத்தில் விழுதுகள் இல்லை. பின்பக்கம் மட்டும், குளியலறைக்கு மேலே, தட்டு அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம் தெரிந்தது. ஃபேன் குழாய் கூரையில் சேரும் மூட்டு கழன்றிருக்க வேண்டும், அல்லது கழிவுநீர்க் குழாயைச் சுற்றி அடைத்தது பிளந்திருக்க வேண்டும். சனிக்கிழமை ஏணியை எடுக்க வேண்டும். பூஜை அலமாரியிலிருந்து இரண்டு ஊதுபத்தி எடுத்துத் தனியாக வைத்திருக்கிறேன்.